நாற்பத்தெட்டுக் கிலோவில் ஒரே இடம்

காம்புக்குப் போக வேண்டும் என்று வதனி சொன்னதும் அவளின் தாய் இலட்சுமிப்பிள்ளை அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"திரும்பவும் காம்போ? இனி என்ன வரப்போகுதாம், கடலா, ஷெல்லா?"

"ரெண்டும் இல்லம்மா. இது விளையாட்டுக் காம்ப். மல்யுத்தம். நாட்டுக்காக மல்லுப் பிடிக்கிற பெரிய பிள்ளைகள் கொழும்பில இருந்து டவுனுக்கு வாறாங்களாம். அவங்களோட நம்மட பிள்ளைகளும் நிண்டு பழகணும். கடைசியில போட்டி. வெல்லுற ஆளைக் கொழும்புக்கு எடுப்பாங்க."

"தோக்கிற ஆளை?"

"தோக்கிற ஆள் வீட்ட வரும்."

"அப்ப உனக்குப் பெரிய பை தேவைப்படாது" என்று சொல்லிவிட்டு இலட்சுமிப்பிள்ளை மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

வதனிக்குக் கோபம் வரவில்லை. தாய் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க அவளுக்கு ஆதாரம் இல்லை. இதுவரை மூன்று போட்டிக்குப் போனவள், மூன்றிலும் இருட்டுமுன் வீடு வந்து சேர்ந்திருந்தாள்.

முகாம் என்பது அந்தக் குடும்பத்துக்குப் புதுச் சாமான் அல்ல. வாகரைக் கரையில் மீனோடு வாழ்ந்தவர்கள். கடல் எழும்பி வந்த வருசம் தகப்பன் போனார். மிஞ்சிய தாயும் மகளும் பள்ளிக்கூட முகாமில் கிடந்தார்கள். அங்கிருந்து நிமிர்வதற்குள் சண்டை வந்தது. காட்டுக்குள்ளாலும் சேற்றுக்குள்ளாலும் நடந்து வந்து கிரானில் கூடாரம். எல்லாச் சண்டையும் முடிந்து இப்போது இரண்டாம் வருசம். ஊருக்குத் திரும்பாமல் கிரானிலேயே ஒட்டிக்கொண்டு, தாய் வயல் வட்டையில் களை பிடுங்கியும் கதிர் அறுத்தும் அடுப்பு எரிகிறது. ஆகவே காம்புக்கு என்னென்ன கொண்டுபோவது என்று வதனிக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வாளி, கோப்பை, பன்பாய், அரிக்கன் லாம்பு, கொடி கட்டக் கயிறு, அடையாள அட்டையின் போட்டோக் கொப்பிகள். எல்லாவற்றையும் கட்டித் தூக்கிக்கொண்டு, மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்த அந்தப் பெரிய மண்டபத்து வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

கொழும்புப் பிள்ளைகள் சில்லுப் பைகளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் உடுப்பு. உள்ளே வரிசையாகக் கட்டில்கள், மெத்தை, தலையணை, மின்விசிறி. வதனி லாம்பைத் தன் பின்னால் மறைத்துப் பார்த்தாள். லாம்பை மறைத்தால் வாளி தெரிந்தது.

வெல்லாவெளியிலிருந்து வந்த தக்ஷாயினி, ஐம்பத்தைந்து கிலோக்காரி, வாய் மட்டும் தனியே அறுபது கிலோ. அவள் கண்டுவிட்டாள்.

"என்னகா, மல்லுப் பிடிக்க வந்தியா, குடியிருக்க வந்தியா?"

"எல்லாத்துக்கும் ஆயத்தமா வந்திரிக்கன்."

"காணி உறுதியும் கொண்டுவந்தியா?"

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே வதனி கோப்பையோடு போய்க் குசினி வாசலில் நின்றாள். பின்னால் ஒருவரும் இல்லை. அவளே முதல், அவளே கடைசி.

ஹமீட் சேர் அந்த வழியால் வந்தார். ஏறாவூர்க்காரர், மூன்று பாஷையும் தெரிந்தவர், மாவட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கு மல்யுத்தம் பழக்கிய ஒரே ஆள். "மகள், சோறு இன்னும் உலையிலதான் கிடக்கு" என்றார்.

"பரவாயில்ல சேர், நிக்கிறன். பிந்தினா முடிஞ்சிரும்."

"முடியாது புள்ள. இது அந்தக் காம்ப் இல்ல."

அது அவளுடைய மண்டைக்கு விளங்கியது. காலுக்கு விளங்கவில்லை. மணி அடிக்கும் வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள்.

அவளை ஹமீட் சேர் மல்யுத்தத்துக்கு எடுத்த கதையும் பெருமை பேசுகிற கதையல்ல. கபடி விளையாடத்தான் போனாள். சேர் அவளைப் பாரம் பார்க்கிற மிசினில் ஏற்றி முள்ளைப் பார்த்து, "நாப்பத்தெட்டுக்குள்ள ஆள் இல்லாம இருந்தன், மகள். பாரம் சரி. மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்றார். வைக்கோலைப் பரப்பி அதன்மேல் பழைய கூடாரத் துணியை இழுத்துக் கட்டிய மெத்தையில் ஒரு வருசம் பழகினாள். மிச்சத்தை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நாற்பத்தெட்டுக் கிலோவில் கொழும்பிலிருந்து வந்தவள் சந்தமாலி. பொலன்னறுவைப் பக்கத்து வயற்காரர் மகள், இப்போது ஆமியின் விளையாட்டு அணியில். தலைமயிரை ஒட்ட வெட்டியிருப்பாள். நாட்டுக்காக வெளியில் போய் இரண்டு பதக்கம் கொண்டுவந்தவள். சந்தையில் பழகிய தமிழ் கொஞ்சம் தெரியும். அவளுக்கு நாற்பத்தெட்டில் ஒரே போட்டிக்காரி வதனி. போட்டிக்காரி என்ற சொல்லே பெரிய மரியாதை. முதல் நாளில் இருந்து காலையும் மாலையும் சந்தமாலி அவளைத் தூக்குவாள், சுழற்றுவாள், மெத்தையில் வைப்பாள். வதனி மல்லாந்து கிடந்து கூரையைப் பார்ப்பாள். எந்தத் தகட்டில் ஆணி கழன்றிருக்கிறது, எந்த வளையில் குருவி கூடு கட்டியிருக்கிறது என்று அந்த மண்டபத்துக் காவற்காரனைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"மட்டக்களப்பார் மந்திரம் போட்டு வந்தவனைப் பாயோட ஒட்ட வைப்பாங்க எண்டு ஊரெல்லாம் சொல்லும்" என்றாள் தக்ஷாயினி. "நம்மட மானத்தை வாங்காதகா. நீயே ஒட்டுப்பட்டுக் கிடக்கிற."

"நான் மெத்தை அளவு பாக்கிறன்."

"அளந்து முடிஞ்சா ஒழும்பு. அவ காவல் நிக்கிறா."

எழும்பும்போது சந்தமாலிதான் கை கொடுப்பாள். "நங்கி, கால் இன்னும் கீழ. இன்னும் கீழ" என்பாள். தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி. அதுதான் வதனிக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. கெட்டவளாக இருந்திருந்தால் தோற்பதற்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும்.

ஏனென்றால் வதனிக்குக் கொழும்புக்குப் போகிற அந்த ஒரே இடம் வேண்டும். இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும், அவளும் சேர்ந்து சிரிக்க வேண்டி வரும். இவ்வளவு காலமும் அவளைக் கூட்டத்தோடு ஏற்றினார்கள், கூட்டத்தோடு இறக்கினார்கள், கூட்டத்தோடு எண்ணினார்கள். இந்த ஒருத்திதான் வேண்டும் என்று தெரிந்தெடுத்து ஓரிடத்துக்கு யாராவது கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிடக்கூடிய ஒரே இடம் அதுதான். அதற்குள் ஒரு மலை மாதிரிச் சந்தமாலி குந்தியிருந்தாள்.

போட்டி கிட்ட வரவர வதனி ஒன்றைக் கவனித்தாள். சந்தமாலி சாப்பிடவில்லை. கோப்பையை எடுப்பாள், வெள்ளரிக்காய்த் துண்டொன்றைச் சப்புவாள், சோற்றை அப்படியே கொண்டுபோய் வாவிக்கரையில் காகத்துக்குப் போடுவாள். தண்ணீரையும் வாயில் விட்டு அலசித் துப்பிவிடுவாள். கண் உள்ளே போய்விட்டது. ஒருவரோடும் பேச்சில்லை.

முகாமில் வளர்ந்தவளுக்கு இதற்கு ஒரு அர்த்தம்தான் தெரியும். முகாமில் சாப்பிடாமல் இருக்கிற ஆள், ஆளைப் பறிகொடுத்த ஆள். கடல் வந்த பிறகு அவளின் தாய் அப்படித்தான் இருந்தாள். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு ஒழுங்கு இருந்தது: அப்படி ஒரு ஆளைக் கண்டால் ஒன்றும் விசாரிக்கக் கூடாது, சோற்றைக் குழைத்து உருண்டை பிடித்துக் கையில் வைக்க வேண்டும். கையில் வைத்ததை அந்த ஆளும் மறுக்கக் கூடாது.

வதனி ஹமீட் சேரின் போனில் தாயைப் பிடித்தாள்.

"அம்மா, நாளைக்குப் பின்னேரம் வீட்டு ஆக்கள் வந்து பாக்கலாமாம். வரக்குள்ள சோறு கொண்டு வாங்க. இஞ்ச ஒரு அக்கா சாப்பிடுறாவே இல்ல. வீட்டில ஆரும் மோசம் போனாங்களோ தெரியா."

"ஆரு அது?"

"சிங்கள அக்கா. ஆமியில இரிக்கா."

அந்தப் பக்கம் சுளகைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எத்தினை நாளாச் சாப்பிடல்ல?"

"மூணு நாளிரிக்கும்."

"நண்டு சாப்பிடுவாவா எண்டு கேட்டு வை" என்றாள் தாய்.

மறுநாள் பின்னேரம் இலட்சுமிப்பிள்ளை ஒரு பெரிய பானையைச் சீலைத்துண்டால் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். இன்னொரு கையில் எருமைத் தயிர் முட்டி. வாகை மர நிழலில் குந்தி, சோற்றைக் கொட்டி, நண்டுக் குழம்பையும் கத்தரிக்காயையும் விட்டுக் குழைத்தாள். பிள்ளைகள் சுற்றி வந்துவிட்டார்கள். சந்தமாலி தூரத்தில் படியில் தலையைத் தொங்கப்போட்டு இருந்தாள். முதுகில் ஆமி அணியின் பெயர் எழுதிய சட்டை.

இலட்சுமிப்பிள்ளை அந்தச் சட்டையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஒரு உருண்டை பிடித்தாள். பிறகு எழும்பிப் போய் அவளுக்கு முன்னால் நின்றாள்.

"இந்தா மகள். கையை நீட்டு."

சந்தமாலி நிமிர்ந்தாள். "எப்பா அம்மே, வேணாம்."

"கையை நீட்டு எண்டுறன். கடலுக்குப் பிறகு எனக்குக் கைறுன்னிஸா எண்டு ஒரு சோனக மனிசி பிடிச்சுத் தந்தா. ஏன் எதுக்கெண்டு அவ கேக்கல்ல. நானும் கேக்கல்ல. நீட்டு."

அவள் சொன்னது சந்தமாலிக்கு விளங்கியிருக்காது. ஆனால் மூன்று நாள் வெள்ளரிக்காய் சப்பியவளின் மூக்குக்கு நண்டுக் குழம்பு விளங்கியது. கை தானாக நீண்டது. ஒன்று போனது. கண் மூடிக்கொண்டது. இலட்சுமிப்பிள்ளை இரண்டாவதைப் பிடித்தாள்.

"அடியே வதனி, இஞ்ச வா. தனியச் சாப்பிட்டா அந்தப் புள்ள வெக்கப்படும். அவளுக்கொண்டு, உனக்கொண்டு."

வதனி அதற்கு முதல் குசினியில் ஒரு கோப்பை சாப்பிட்டிருந்தாள். ஆனாலும் ஒரு துக்கத்துக்குத் துணை நிற்பது புண்ணியம் அல்லவா? அவளுக்கொன்று, உனக்கொன்று என்று பானை அடி தெரியும்வரை போனது. பிறகு தயிர். காரத்திலோ எதிலோ சந்தமாலியின் கண்ணால் தண்ணீர் ஓடியது. இலட்சுமிப்பிள்ளை தன் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "அழுதா ஆறும்" என்றாள். வதனியும் துக்கமாகத் தலையை ஆட்டினாள். கடைசிப் பஸ் போய்விட்டதால் தாய் டவுனில் தெரிந்த வீடொன்றில் தங்கப் போனாள்.

விடியக் காலை பாரம் பார்த்தார்கள்.

சந்தமாலி மிசினில் ஏறினாள். கொழும்புக் கோச், பென்னாம்பெரிய மீசைக்காரர், குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நாற்பத்தெட்டு தசம் ஒன்பது. மண்டபம் அதிரச் சிங்களத்தில் ஏதோ கத்தினார்.

"என்னவாம் சேர்?" என்று வதனி ஹமீட் சேரிடம் மெல்லக் கேட்டாள்.

"நாப்பத்தெட்டுக்கு மேல ஒரு முள்ளுக் கூடினாலும் பிடிக்க ஏலாது. ராவு தண்ணி கூடக் குடிக்காதவள் எப்படி ஏறினாள், ஆர் சோறு குடுத்தது எண்டு கேக்கிறாரு."

அப்போதுதான் வதனிக்குச் சோறு, காகம், வெள்ளரிக்காய் எல்லாம் ஒரு கோட்டில் வந்து நின்றன. அவள் என்றைக்கும் பாரம் குறைத்ததில்லை. குறைக்கிற அளவுக்கு அவளிடம் எப்போது பாரம் இருந்தது?

"அடி கள்ளி!" தக்ஷாயினி அவளின் இடுப்பில் குத்தினாள். "உன்ன நான் ஒண்டும் தெரியாத மோடு எண்டெல்லவா நினைச்சன். பிடிச்சு விழுத்த ஏலாதெண்டு, சோத்தைப் போட்டு விழுத்தினியேகா!"

"இல்லடி, சத்தியமா நான்..."

"சொல்லாத, சொல்லாத. ராணி மாதிரி நில்லு."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தி அவளைக் கெட்டிக்காரி என்றாள், அதுவும் அவள் செய்யாத ஒன்றுக்கு. கொழும்புப் பிள்ளைகள் அவளைப் பார்த்த பார்வையில் வாவித் தண்ணீரே கொதித்திருக்கும். சந்தமாலி மட்டும் பார்க்கவில்லை. மிசினையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பிடிக்காவிட்டால் இடம் வதனிக்கு. கீழே ஒருவரையும் விழுத்தாமல், சும்மா நின்று. வதனியின் நெஞ்சில் ஒரு மூலையில் சந்தோசம் எழும்பிக் குந்தியது. அதை இரு இரு என்று அமத்திவிட்டு, துக்க முகத்தோடு அவளும் மிசினில் ஏறினாள்.

நாற்பத்தெட்டு தசம் ஆறு.

மண்டபத்தில் முதலில் சிரித்தது யாரென்று தெரியாது. கடைசியாகச் சிரிப்பை நிறுத்தியது தக்ஷாயினி. "கெட்டிக்காரி எண்டதை நான் திருப்பி எடுக்கிறன்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கோச் மீசையை முறுக்கினார். ஹமீட் சேர் மொழிபெயர்த்தார்: "எட்டு மணிக்கு மிசினை மூடுவாங்க. அதுக்குள்ள இறக்கிற ஆள் பிடிக்கலாம். ரெண்டு பேரும் இறக்காட்டி நாப்பத்தெட்டுக்கு இந்த முறை ஆளே இல்லையாம். ஓடுங்க புள்ளயள்!"

சந்தமாலியிடம் வியர்ப்பதற்கென்றே தைத்த பிளாஸ்டிக் உடுப்பு இருந்தது. வதனிக்குத் தக்ஷாயினி குசினிப் பக்கம் ஓடி யூரியாப் பை ஒன்றின் உள்பையைக் கொண்டுவந்து, தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிவிட்டாள். அதன்மேல் இரண்டு சட்டை. இருவரும் வாவிக்கரை வீதியால் ஓடத் தொடங்கினார்கள். சந்தமாலி காற்றுமாதிரிச் சத்தமில்லாமல் ஓடினாள். வதனி சரக் சரக்கென்று பலகாரப் பொட்டலம் மாதிரி ஓடினாள். மீன் வாங்க வந்த ஒரு மனிசி, "எங்க மகள் மழை?" என்று வானத்தைப் பார்த்தாள்.

பாலத்தடியில் காவலரண். துவக்கோடு நின்ற ஆமிக்காரன் கையைக் காட்டினான். வதனியின் கை அவளைக் கேட்காமலே அடையாள அட்டையைத் தேடி யூரியாப் பைக்குள் போய் மாட்டிக்கொண்டது. சந்தமாலி ஓட்டத்தை நிறுத்தாமல் ஏதோ சொன்னாள். ஆமிக்காரன் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வழியை விட்டான்.

"என்ன சொன்னீங்க அக்கா?"

"சாப்பாடு கூடிப்போச்சு எண்டு சொன்னன்."

கல்லடிப் பாலத்தில் பாதி போனார்கள். பிறகு வதனியால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, உங்கட வீட்டில ஆரும் சாகல்லையே?"

சந்தமாலி திரும்பிப் பார்த்தாள். "சாக? யாரு? ஏன்?"

"நீங்க சாப்பிடாம இருந்தீங்க. நம்மட காம்பில அப்படி இருந்தா ஆள் செத்த வீடு. அதான் அம்மாவைச் சோறு கொண்டுவரச் சொன்னன்."

சந்தமாலி நின்றாள். பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள், ஓட்டத்தில் வராத வியர்வையெல்லாம் சிரிப்பில் வந்தது.

"பாரம் குறைக்கத்தான் நங்கி! பாரம்! நீ நாப்பத்தெட்டில பிடிக்கிற, தெரியாதா?"

"எனக்குக் கூடினதே இல்ல அக்கா. கூட்டத்தான் பாடுபட்டிரிக்கம்."

"நான் நினைச்சன், நீ பெரிய ஐடியாக்காரி எண்டு. ராவெல்லாம் உன்னில கோவம்."

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. எனக்கும் ஆசைதான், அப்படி இரிக்க."

மறுபடி ஓடினார்கள். கொஞ்சத் தூரம் போனபின் சந்தமாலி, கேட்காமலே, "இப்ப ஒருத்தரும் சாகல்ல. முந்தித்தான். தம்பி" என்றாள். வதனி ஏன் எதற்கென்று கேட்கவில்லை. யூரியாப் பை மட்டும் சரக் சரக்கென்று பேசிக்கொண்டு வந்தது.

திரும்பும்போது சந்தமாலி தன் பொக்கற்றிலிருந்து பழப்புளித் துண்டொன்றை எடுத்துப் பாதியைக் கொடுத்தாள். "வாயில வை. துப்பு. எச்சிலும் பாரம்தான், துப்பிக்கொண்டே ஓடு."

"ஏன் எனக்குச் சொல்லித் தாறீங்க? நான் இறக்காட்டி உங்களுக்குத்தானே இடம்."

"சும்மா நிண்டு எடுத்தா, எல்லாரும் சொல்லுவாங்க உன்னைத் தோக்கடிச்சது நண்டு, நான் இல்ல எண்டு. எனக்கு அது வேணாம். உன்னைப் பிடிச்சு வைச்சு எடுக்கணும்."

அதில் எவ்வளவு அன்பு, எவ்வளவு திமிர் என்று வதனிக்குப் பிரித்தெடுக்க நேரமிருக்கவில்லை. துப்பிக்கொண்டே ஓடினாள்.

மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது சந்தமாலி மிசினில் ஏறினாள்: சரியாக நாற்பத்தெட்டு. வதனி ஏறினாள்: நாற்பத்தெட்டு தசம் ஒன்று. கோச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"முடி" என்றாள் சந்தமாலி, கத்தரிக்கோல் மாதிரி இரண்டு விரலைக் காட்டி.

வதனியின் கூந்தல் இடுப்புக்குக் கீழே தொங்கும். அவளிடம் பார்க்கிறமாதிரி இருந்தது அது ஒன்றுதான் என்று அவளே சொல்லிக்கொள்வாள். மகள் கொழும்புப் பிள்ளையைப் பிடித்து விழுத்துவதைப் பார்க்க வாசலில் வந்து நின்ற இலட்சுமிப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னத்தடி பாக்கிற?" என்றாள் தாய். "புல்லு வெட்டினா முளைக்காதா? வெட்டுகா!"

தக்ஷாயினி பின்னலோடு சேர்த்துக் கழுத்தடியில் அறுத்தாள். கத்தரிக்கோல் மழுங்கல், வெட்டு ஒரு பக்கம் மேலும் ஒரு பக்கம் கீழுமாகப் போனது. "எப்படி இரிக்கன்டி?" "அறிஞ்சு என்ன செய்யப்போற? ஏறு." முள் நாற்பத்தெட்டில் வந்து நடுங்கி நின்றது.

பத்து மணிக்கு இரண்டு பேரும் மெத்தையில் ஏறினார்கள். முதல் சுற்றில் வழமைபோலச் சந்தமாலி அவளைத் தூக்கி வைத்தாள். வதனி தோள் இரண்டும் மெத்தையில் படாமல் பாம்புமாதிரி நெளிந்து தப்பினாள். தப்பும்போது கூரை ஒருதரம் தெரிந்தது. சுற்று சந்தமாலிக்கு. இரண்டாம் சுற்றில் சந்தமாலி வட்டத்துக்கு வெளியே கால் வைத்ததால் ஒரு புள்ளி வதனிக்கு வந்தது. அதனால் அந்தச் சுற்று வதனிக்கு என்றார்கள். வதனிக்கே அது எப்படி என்று விளங்கவில்லை. அவள் தள்ளவில்லை, விழாமல் இருக்கப் பிடித்துக்கொண்டவள்தான்.

மூன்றாம் சுற்றில் இருவருக்கும் மூச்சில்லை. சந்தமாலி அவளைத் தோளில் போட்டுச் சுழற்றக் காலைப் பதித்தாள். பதித்த கால் கோணியது. கெண்டைக்கால் சதை கல்லாக இறுகிக்கொண்டது வதனியின் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. தண்ணீர் இல்லாத உடம்பு. ஒரு கணம் இருவரும் கண்ணைக் கண் பார்த்தார்கள். நல்ல பிள்ளையாக இருந்தால் கையை விட்டிருப்பாள். வதனி கையை விடவில்லை. இன்னும் கீழே, இன்னும் கீழே என்று குனிந்து, அந்தக் காலையே அணைத்துப் பிடித்து, முழுப் பாரத்தோடும் முன்னால் சாய்ந்தாள். சந்தமாலி மல்லாந்தாள். வதனி அவள்மேல் படுத்தாள். அந்த நாற்பத்தெட்டில் ஒரு கிராமைக்கூட மிச்சம் வைக்காமல் படுத்தாள்.

விசில் ஊதியது. பிறகு தக்ஷாயினி ஒரு கூவு கூவினாள், வாவியில் நின்ற கொக்குகள் எழும்பியிருக்கும்.

வதனி கை கொடுத்துச் சந்தமாலியை எழுப்பினாள். கோச் வந்தார். சந்தமாலி காலை இழுத்து இழுத்து நடந்துபோய் அவரிடம் வேகமாக ஏதோ சொன்னாள். ஹமீட் சேர் தொண்டையைச் செருமினார்.

"மகள், சட்டப்படி நீதான் வெண்ட ஆள். ஆனா கால் பிடிச்சிட்டதாம். பின்னேரம் தண்ணி குடிச்சு, இளைப்பாறி, இன்னொருக்காப் பிடிச்சுப் பாப்பமா எண்டு அவ கேக்கிறா. ரெண்டு பேருக்கும் சம்மதம் எண்டா மட்டும்தான். இல்லாட்டி இது முடிஞ்ச கணக்கு. உன்ட விருப்பம்."

எல்லாரும் வதனியைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பதில் ஏற்கெனவே இருந்தது. கொழும்புப் பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்திக் காத்திருந்தார்கள். வாசலில் நின்ற இலட்சுமிப்பிள்ளைக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும், அவள் அங்கிருந்தே, "பாவம்டி அந்தப் புள்ள! ஒருக்காப் பிடியன்!" என்று கத்தினாள்.

பெற்ற தாயே எதிர்க் கட்சி.

வதனி தன் கழுத்தைத் தடவினாள். பின்னல் இருந்த இடத்தில் காற்று அடித்தது. சரி என்று சொன்னால் எல்லாரும் கைதட்டுவார்கள். பின்னேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்போதும் கைதட்டுவார்கள். நாளைக்கு வாளியையும் லாம்பையும் கட்டிக்கொண்டு கிரான் பஸ்ஸுக்கு நிற்கும்போது கைதட்ட ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

"மாட்டன்" என்றாள்.

"என்ன புள்ள?"

"மாட்டன் சேர். பிடிக்க மாட்டன்."

சந்தமாலி கிட்ட வந்தாள். "ஏன் நங்கி?"

"பின்னேரம் பிடிச்சா நீங்கதான் வெல்லுவீங்க அக்கா."

கோச் ஹமீட் சேரைப் பார்த்தார். சேர் வாயைத் திறக்கும் முன் சந்தமாலியே சிங்களத்தில் அதைச் சொன்னாள். சொல்லி முடிக்க முடியவில்லை. நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. பாலத்துக் கம்பியைப் பிடித்துச் சிரித்த அதே சிரிப்பு இல்லை இது, கொஞ்சம் நொந்த சிரிப்பு. ஆனால் சிரித்தாள். கோச் மீசையைத் தடவிக்கொண்டே வதனியின் கையைப் பிடித்து மேலே தூக்கினார். இரண்டு பேர் கைதட்டினார்கள். அதில் ஒன்று தக்ஷாயினி, மற்றது அவசரத்தில் கட்சி மாறிய இலட்சுமிப்பிள்ளை.

சந்தமாலி அவளின் காதருகில் குனிந்தாள்.

"மோடு. அப்படி வெளியில சொல்லக் கூடாது. இனி எல்லாருக்கும் தெரிஞ்சிட்டு, நீ என்னட்டத் தோப்பாய் எண்டு."

"அது எல்லாருக்கும் முதலே தெரியுமே அக்கா" என்றாள் வதனி, கையை இன்னும் மேலே தூக்கியபடி.